சாந்தா எடுத்த முடிவு

தொப்பம்பட்டியில் என் பாட்டி காலத்துப் பெண்கள் மார்பில் கட்டி வந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள். புண்ணாகி வாடை வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரியும். அந்தக் கூச்சம் உயிரைக் குடிப்பதை அன்றாடம் பார்த்தவர் மருத்துவர் வி. சாந்தா (1927–2021). மகப்பேறு மருத்துவம் படித்த அவருக்கு 1955இல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவர் அங்கே போகவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954இல் அடையாற்றில் தொடங்கியிருந்த 12 படுக்கை மருத்துவமனையில் சேர்ந்தார். அந்த வளாகத்திலேயே குடியிருந்து, ஏழைகளுக்கும் குறைவில்லாத சிகிச்சை தந்தார்.

அவர் மறைந்தபோது, தாயுள்ளம் கொண்டவர் என்று போற்றினார்கள். எனக்கு அது போதவில்லை. தாயுள்ளம் பெண்ணுக்குப் பிறப்பிலேயே வருவது என்று சொல்லிக் கடந்துவிடலாம். அரசு வேலையை உதறியது 28 வயதுப் பெண் யோசித்து எடுத்த முடிவு. வரலாற்றில் அதை முடிவு என்றே எழுதுவோம்.