பின்னலான நிபந்தனைக் கூற்று

பின்னலான நிபந்தனைக் கூற்று என்பது கணினி நிரலாக்கத்தில் ஒரு நிபந்தனைக் கூற்றின் உள்ளே மற்றொரு நிபந்தனைக் கூற்றை அமைக்கும் முறையாகும். வெளி நிபந்தனை மெய்யானால் மட்டுமே உள் நிபந்தனை சோதிக்கப்படும். முதல் வினாவின் விடையைப் பொறுத்தே இரண்டாம் வினா பொருளுடையதாகும் இடங்களில் இது பயன்படுகிறது.

எடுத்துக்காட்டு

கோவை மாவட்டத்தின் வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே காட்டு யானைகள் நடமாடுகின்றன. யானை அருகில் இருப்பதை அறியாததால் உயிரிழப்புகள் நேர்ந்தன. இதைத் தவிர்க்க, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்னும் ஆய்வு நிறுவனம் 2011 இல் குறுஞ்செய்தி வழி எச்சரிக்கையைத் தொடங்கியது. கைப்பேசி அழைப்பால் இயங்கும் சிவப்பு விளக்குகளும் நிறுவப்பட்டன. இதையொத்த ஓர் எளிய முடிவை எழில் மொழியில் பின்வருமாறு எழுதலாம். எழில், முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரலாக்க மொழி.

யானை = 1
தொலைவு = 2
@( யானை == 1 ) ஆனால்
    @( தொலைவு <= 1 ) ஆனால்
        பதிப்பி "விளக்கை எரிக்கவும்"
    முடி
இல்லை
    பதிப்பி "யானை இல்லை"
முடி

இங்கு தொலைவு கிலோமீட்டரில் தரப்பட்டுள்ளது. யானை 2 கி.மீ. தொலைவில் இருப்பதால் இந்நிரல் எதையும் அச்சிடாது. யானை காணப்படாவிடில் மட்டுமே "யானை இல்லை" என அச்சிடும்.

தொங்கும் 'இல்லை' சிக்கல்

எழில் மொழியில் ஒவ்வொரு கூற்றும் 'முடி' என்னும் சொல்லால் மூடப்படுவதால், 'இல்லை' எதற்குரியது என்பதில் ஐயமில்லை. சி, ஜாவா ஆகிய மொழிகளில் அடைப்புக்குறி இடாவிடில், 'இல்லை' பகுதி தனக்கு மிக அருகிலுள்ள நிபந்தனையோடு இணையும். மேலுள்ள நிரலை அவ்வாறு எழுதினால், யானை 2 கி.மீ. தொலைவில் நிற்கும்போதே "யானை இல்லை" என்னும் பொய்ச்செய்தி கிடைக்கும். யானை உண்மையிலேயே இல்லாதபோது எச்செய்தியும் வராது. வரிகளை உள்தள்ளி எழுதுவது இவ்விரு மொழிகளில் படிப்பவருக்கு மட்டுமே உதவும்; கணினி அதைப் பொருட்படுத்தாது. பைத்தான் மொழியில் உள்தள்ளலே கூற்றின் எல்லையைத் தீர்மானிக்கிறது.

மாற்று வழிகள்

பல அடுக்குகள் கொண்ட பின்னல் படிப்பதற்குக் கடினமானது. உள், வெளி நிபந்தனைகள் இரண்டிற்கும் 'இல்லை' பகுதி தேவைப்படாதபோது அவற்றை 'மற்றும்' செயற்குறியால் ஒன்றாக இணைக்கலாம். ஒன்றையொன்று விலக்கும் பல நிலைகளுக்கு எழிலில் 'இல்லைஆனால்' பயன்படுகிறது. எவ்வழியாயினும், ஒவ்வொரு கிளையையும் தனித்தனி உள்ளீட்டால் சோதித்தல் வேண்டும். மேலுள்ள நிரலுக்கு யானை அருகில், யானை தொலைவில், யானை இல்லை ஆகிய மூன்று சோதனைகளேனும் தேவை.