ஒரே பிராசசருக்கென்று ஒரு லினக்ஸ்: நெட்புக் காலத்துச் சோதனை

லினக்ஸ் உலகில் நீண்ட ஆயுள் கொண்ட ஒரு நம்பிக்கை உண்டு. எல்லோருக்கும் பொதுவாக வரும் பேக்கேஜ்களை விட்டுவிட்டு, மெஷினில் இருக்கும் பிராசசருக்கென்றே கம்பைல் செய்ததைப் போட்டால் வேகம் கூடும் என்பதே அது. 1998-இல் தொடங்கிய மாண்ட்ரேக், ரெட் ஹாட்டை அடியொற்றி வந்தாலும், பேக்கேஜ்களைப் பென்டியத்துக்கெனக் கம்பைல் செய்து தருவதை விரைவிலேயே தன் பெருமையாக்கிக்கொண்டது. 2002-இல் 1.0 பதிப்பைக் கண்ட ஜென்டூ, மொத்த சிஸ்டத்தையும் பயனரே தன் மெஷினில் கம்பைல் செய்துகொள்ளும் வழியைப் பரப்பியது. மேசைக் கணினிகளில் இந்த நம்பிக்கையை உரசிப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. ஆளுக்கொரு பிராசசர், ஆளுக்கொரு டிஸ்க்; கிடைத்த வேகம் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியவில்லை. 2008 முதல் 2010 வரை, நெட்புக் என்ற மலிவான சிறு மடிக்கணினிகள் பரவிய காலம்தான் அதற்கு நல்ல களமாக அமைந்தது. அந்தக் காலம் விட்டுச்சென்ற சான்றுகளைக் கோத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம்: பிராசசரைக் கவனித்துக் கம்பைல் செய்ததில் பலன் இருந்தது, அதற்காகத் தனிக் கிளையாகப் பிரிந்துபோனதில் நஷ்டமே மிஞ்சியது.

2007 அக்டோபரில் தைவானில் விற்பனைக்கு வந்த ஏசுஸ் ஈ பிசி 701 இந்த அலையைத் தொடங்கிவைத்தது. ஏழு அங்குலத் திரை, 512 எம்பி ராம், 4 ஜிபி ஃபிளாஷ் சேமிப்பு, ஸாண்ட்ரோஸ் லினக்ஸ், வேகம் குறைத்து ஓட்டப்பட்ட ஒரு செலரான் எம். அடுத்த ஆண்டின் நடுவில் இன்டெல்லின் ஆட்டம் என்270 வந்ததும், போட்டி நிறுவனங்களின் நெட்புக்குகள் பெரும்பாலும் அந்த ஒரே பிராசசரில் வந்து நின்றன. 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகம், 2.5 வாட் வெப்ப வரம்பு, 32 பிட் மட்டும். அதன் உள்ளமைப்பும் வேறு மாதிரியானது. 1995-இன் பென்டியம் புரோ தொடங்கி இன்டெல்லின் முக்கிய பிராசசர்கள் வந்த கட்டளைகளை வசதிக்கேற்ப முன்பின்னாக மாற்றி இயக்கக்கூடியவை. கம்பைலர் சுமாராக அடுக்கித் தந்தாலும் சமாளித்துக்கொள்ளும். மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த ஆட்டத்தில் அந்தத் திறன் இல்லை. வந்த வரிசையில்தான் இயக்கும். ஒரு கட்டளை ஏதாவதொன்றுக்காகக் காத்திருந்தால் பின்னால் நிற்பதும் காத்திருக்கும். ஆகவே, கம்பைலர் கட்டளைகளை எப்படி அடுக்குகிறது என்பது மற்ற பிராசசர்களைவிட இதில் கூடுதலாகவே பொருட்படும். ஆட்டத்துக்கெனத் தனி லினக்ஸ் வேண்டும் என்றவர்களின் வாதத்துக்கு இந்த அளவில் உறுதியான அடிப்படை இருந்தது.

அந்த வாதத்தின் முழு வடிவம் உபுண்டுவின் எல்பிஐஏ. குறைந்த மின்சாரத்தில் ஓடும் இன்டெல் பிராசசர்களுக்கென, வழக்கமான 32 பிட் தொகுப்புக்குப் பக்கத்திலேயே தனிக் கட்டமைப்பாக அது வைக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் வந்த டெல் இன்ஸ்பிரான் மினி 9, உபுண்டு 8.04-இன் இந்த வடிவத்தோடு கடைக்கு வந்தது. பிரச்சினையும் கூடவே வந்தது. பேக்கேஜ் மேனேஜரின் கணக்கில் எல்பிஐஏ வேறு, சாதாரண 32 பிட் வேறு. வெளி நிறுவனங்கள் உபுண்டுவுக்காகத் தந்த பேக்கேஜ்கள் அந்தப் பிராசசரில் தாராளமாக ஓடக்கூடியவை. ஆனாலும் கட்டமைப்பு பொருந்தவில்லை என்று இன்ஸ்டால் ஆக மறுத்தன. சோதனையை மீறிக் கட்டாயமாக ஏற்றும் வழி தெரிந்தவர் தப்பித்தார். நெட்புக் வாங்கிய பலருக்கு அதுதான் முதல் லினக்ஸ். அவர்களுக்கு அந்த வழி எங்கே தெரியும்? 2009 ஏப்ரலில் உபுண்டு தன் நெட்புக் பதிப்பை வெளியிட்டபோது சாதாரண 32 பிட் தொகுப்பையே அடிப்படையாகக் கொண்டது. 2010-இன் 10.04 பதிப்பில் எல்பிஐஏ கைவிடப்பட்டது. அதில் இருந்தவர்கள் அப்படியே மேம்படுத்திக்கொள்ள வழியில்லை. புதிதாக நிறுவ வேண்டியிருந்தது.

அதே சமயத்தில் ஃபெடோரா வேறு வழியில் போனது. 2009 நவம்பரில் வந்த ஃபெடோரா 12, தன் 32 பிட் பேக்கேஜ்கள் அனைத்தையும் ஐ686 அடிப்படையில், ஆட்டத்துக்கு ஏற்ற விதத்தில் கம்பைல் செய்தது. ஆனால் மற்றப் பெரும்பாலான பிராசசர்களிலும் அவை ஓடின. கம்பைலருக்கு நாம் சொல்லக்கூடியவை இரண்டு: எந்தக் கட்டளைகளைப் பயன்படுத்தலாம் என்பது ஒன்று, இருக்கும் கட்டளைகளை யாருக்குச் சாதகமாக அடுக்குவது என்பது மற்றொன்று. முன்னதை மாற்றினால் பழைய பிராசசர்கள் வெளியே தள்ளப்படும். பின்னதை மாற்றினால் யாரும் வெளியே போவதில்லை. ஆட்டத்தின் பலவீனம் பின்னதைச் சேர்ந்தது. அதனால் தனிக் கிளை தர முயன்ற பலனில் பெரும்பகுதியைப் பொதுக் கிளையே தர முடிந்தது. 2010-இல் வந்த ஜிசிசி 4.5 கம்பைலர் ஆட்டத்தை நேரடியாகவே அறிந்திருந்தது.

தனிக் கிளைகள் இல்லாவிட்டால் யாரும் அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்று ஒரு மறுப்பு எழலாம். ஓரளவு நியாயம்தான். இன்டெல் 2007-இல் தொடங்கிய மோப்லின் என்ற லினக்ஸ் திட்டம், எஸ்எஸ்எஸ்இ3 கட்டளைகள் இல்லாத பிராசசர்களை ஏற்காத அளவுக்குக் கறாராக இருந்தது. அன்றைய ஏஎம்டி மெஷின்கள் பலவும் அதில் கழிந்தன. அதே திட்டத்தைச் சுற்றித்தான் நல்ல வேலையும் நடந்தது. 2008 செப்டம்பரில் போர்ட்லாந்தில் கூடிய லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில், இன்டெல்லின் அர்ஜன் வான் டி வென், ஆக்கே கோக் இருவரும் ஈ பிசி 901-ஐ ஐந்து வினாடியில் பூட் செய்து காட்டினார்கள். அதை எப்படிச் சாதித்தார்கள் என்பதே கவனிக்க வேண்டியது. கெர்னலுக்கு ஒரு வினாடி, தொடக்கப் பணிகளுக்கு ஒன்று, எக்ஸ் சர்வருக்கு ஒன்று, டெஸ்க்டாப்புக்கு இரண்டு என்று முதலில் பட்ஜெட் போட்டார்கள். தேவையான டிரைவர்களைக் கெர்னலுக்குள்ளேயே வைத்து, இடையில் ஏறும் தற்காலிகக் கோப்பு முறைமையைத் தவிர்த்து, டிஸ்கிலிருந்து வேண்டியதை முன்கூட்டியே படித்து, அவசியமற்ற வேலைகளை வெட்டினார்கள். இதுவும் ஒரு மெஷினுக்கென்று செய்த லினக்ஸ்தானே என்றால், ஆம். ஆனால் லாபம் அந்த மெஷினில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று அறிந்ததால் வந்தது. அதன் பிராசசருக்குப் புரியும் கட்டளைகளால் வரவில்லை. நெட்புக்கின் முட்டுக்கட்டைகளும் பெரும்பாலும் பிராசசருக்கு வெளியேதான் இருந்தன. என்270-உடன் வந்த 945 சிப்செட் பிராசசரைவிட அதிக வெப்பம் கக்கியது. மலிவான ஃபிளாஷ் சேமிப்பு எழுதுவதில் மந்தமாக இருந்தது. ஜிஎம்ஏ 500 கிராஃபிக்ஸ் கொண்ட மாடல்களுக்கு மூலநிரல் திறக்கப்படாத டிரைவரே கதி. இவற்றில் எதையும் கம்பைலர் தீர்த்துவைக்க முடியாது.

இன்றைய டிஸ்ட்ரோக்கள் அடிப்படையை உயர்த்திக்கொண்டு போகின்றனவே, அது பழைய நம்பிக்கைக்குக் கிடைத்த வெற்றியில்லையா என்பது வலுவான மறுப்பு. 2022-இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 எஸ்எஸ்இ4.2 கட்டளைகளைக் கேட்கிறது. 64 பிட் திறனோடு 2010-இல் வந்த ஆட்டம் என்450-கூட அதில் தேறாது. ஆனால் இந்த வரம்புகள் ஒரு பிராசசருக்காக வகுக்கப்பட்டவை அல்ல. 2020-இல் பல நிறுவனங்கள் கூடிப் பேசி, ஒரு தலைமுறை பிராசசர்களுக்கே பொதுவாக வரையறுத்த படிநிலைகள் அவை. எல்பிஐஏ தோற்றதற்குக் காரணம் அதன் தனிமை. இந்தப் படிநிலைகள் நிற்பது அவற்றைப் பலர் சேர்ந்து பராமரிப்பதால்.

ஒரு மெஷினுக்கு எந்த லினக்ஸ் நல்லது என்பதை அதன் வேகத்தை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது. எத்தனை ஆண்டு அது பராமரிக்கப்படும் என்பதும் கணக்கில் சேர வேண்டும். என்270 போன்ற குறைந்த மின்சாரப் பிராசசர்களுக்கெனப் பிறந்த எல்பிஐஏ மூன்று ஆண்டுகூட முழுமையாக நிலைக்கவில்லை. யாருக்கும் தனிச் சலுகை காட்டாத டெபியனின் 32 பிட் தொகுப்பு, 2023-இல் வந்த டெபியன் 12 வரை அதே பிராசசரில் நிறுவக்கூடியதாக இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல்தான் 32 பிட் இன்ஸ்டாலர் நிறுத்தப்பட்டது. அந்தப் பிராசசரைப் பதினைந்து ஆண்டு உழைக்கவைத்தது, அதற்கென்று எதுவும் செய்யாத பொதுக் கிளைதான்.