கழுத்தில் தொங்கிய கைக்கடிகாரம்

என் கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த வாட்ச் ஒரே வருஷத்தில் தண்ணீர் குடித்துவிட்டது. ஊர் ஆற்றில் குளிக்க இறங்கும்போது கழற்ற மறந்துவிட்டேன், அவ்வளவுதான். கண்ணாடிக்குள் ஆவி படிந்து முள் நின்றுபோனது. ரிப்பேர் கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வாட்டர் ப்ரூஃப்னு எழுதியிருந்தா அப்படியே ஆத்துல இறங்கிடறதா சார்?" என்றார். மாமனாரிடம் அதைச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆனது.

அந்த 'வாட்டர் ப்ரூஃப்' என்ற சொல்லை உலகமெல்லாம் பரப்பிய கடிகாரத்தின் கதையைப் பிற்பாடுதான் படித்தேன். அதில் ஒரு பெண்ணின் மானப் பிரச்சினையும் இருக்கிறது.

அவர் பெயர் மெர்சிடிஸ் க்ளைட்ஸ். ஜெர்மானியப் பெற்றோருக்கு 1900-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பிறந்தவர். லண்டனில் டைப்பிஸ்ட் வேலை. நீச்சல்தான் உயிர். இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடக்க ஏழு முறை முயன்று தோற்று, எட்டாவது முறை, 1927 அக்டோபர் 7 அன்று, 15 மணி 15 நிமிடத்தில் பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக் கரை ஏறினார். முந்தைய வருஷமே அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்லி கடந்துவிட்டார் என்றாலும், பிரிட்டிஷ் பெண்களில் க்ளைட்ஸ்தான் முதல்வர்.

அந்தச் சந்தோஷம் நாலு நாள்கூட நிற்கவில்லை. அக்டோபர் 11-ல் டோரதி லோகன் என்ற பெண் டாக்டர், தான் 13 மணி 10 நிமிடத்தில் கடந்துவிட்டதாகச் சொன்னார். ஒரு பத்திரிகை அறிவித்திருந்த ஆயிரம் பவுண்டு பரிசும் அவருக்குக் கிடைத்தது. சில நாளில் அவரே, எல்லாம் பொய், பெரும் பகுதியைப் படகில்தான் வந்தேன் என்று ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மேற்பார்வை இல்லாவிட்டால் ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று காட்டவே அப்படிச் செய்தேன் என்றார். கோர்ட்டில் அபராதம் கட்டவேண்டி வந்தது.

அவர் காட்ட நினைத்தது காட்டியாகிவிட்டது. அதன் வினை விழுந்தது க்ளைட்ஸ் தலையில். 'இவர் மட்டும் நிஜமாகவே நீந்தினாரா?' என்று ஊர் கேட்க ஆரம்பித்தது. ஒரு டாக்டரே பொய் சொல்லும்போது டைப்பிஸ்ட் பேச்சை யார் நம்புவார்கள்? 'சரி, மறுபடியும் நீந்திக் காட்டுகிறேன்' என்றார் அந்தப் பெண்.

இங்கேதான் கடிகாரம் வருகிறது. ரோலக்ஸ் கம்பெனியை நடத்திவந்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1926-ல் 'ஆய்ஸ்டர்', அதாவது சிப்பி, என்ற வாட்சைக் கொண்டுவந்திருந்தார். ஒரு வாட்சுக்குள் தண்ணீர் புக மூன்று வழி உண்டு: கண்ணாடி விளிம்பு, பின்மூடி, சாவி கொடுக்கும் திருகு. மூன்றையும் மரையிட்டு இறுக்கி மூடிவிட்டார்கள். யோசனை பிரமாதம், ஆனால் ஜனங்கள் நம்பவேண்டுமே! கடைகளில் மீன் தொட்டிக்குள் வாட்சைப் போட்டு வைத்துக்கூட விளம்பரம் செய்தார்கள். இப்படிப்பட்ட மனிதர் இந்தப் பெண்ணின் செய்தியை விடுவாரா? அந்த நீச்சலுக்கு ஒரு ஆய்ஸ்டரைக் கொடுத்தார்.

அக்டோபர் 21. குளிர் ஏறிவிட்ட கடல். க்ளைட்ஸ் அந்தச் சின்னத் தங்க வாட்சை ரிப்பனில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினார். கையில் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் போராடியும் உடம்பு விறைத்துவிட்டது. கரைக்குச் சுமார் ஏழு மைல் இருக்கும்போது படகில் தூக்கிப் போட்டார்கள். அதாவது, தோற்றுவிட்டார். ஆனால் கூடவே படகில் வந்து பார்த்தவர்களுக்கு, இந்தக் குளிரில் இவ்வளவு தாங்கியவர் முன்பு பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று தெரிந்துபோயிற்று. வாட்சும் சரியாக மணி காட்டிக்கொண்டிருந்தது.

நவம்பர் 24 அன்று 'டெய்லி மெயில்' பத்திரிகையின் முதல் பக்கம் முழுக்க ரோலக்ஸ் விளம்பரம். அதிலிருந்து கிளம்பிய கதை, ஆய்ஸ்டர் கால்வாயை நீந்திக் கடந்தது என்று இன்றும் சிலர் வாயில் உலவுகிறது. கடந்த நீச்சலில் வாட்ச் இல்லை. வாட்ச் இருந்த நீச்சலில் கடக்கவில்லை. விளம்பரக்காரர்களை நான் குறை சொல்லமாட்டேன், அரைகுறையாகப் படித்துவிட்டுப் பரப்புகிற நம் வழக்கம்தான் காரணம்.

ஆய்ஸ்டரிலும் ஒரு ஓட்டை இருந்தது. தினமும் திருகைக் கழற்றிச் சாவி கொடுக்கவேண்டும். மறுபடி இறுக்க மறந்தால் என் மாமனார் வாட்ச் கதிதான். 1931-ல் கை அசைவில் தானே சாவி ஏறும் 'பெர்பெச்சுவல்' வந்தபிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்கென்றே 'சப்மரீனர்' வந்தது 1953-ல்.

க்ளைட்ஸ் அடுத்த வருஷமே ஜிப்ரால்டர் ஜலசந்தியை நீந்திக் கடந்த முதல் ஆள் ஆனார். நீச்சலில் சம்பாதித்ததைக் கொண்டு லெஸ்டர் நகரில் வீடில்லாத ஏழைகளுக்கு இல்லம் அமைத்தார். இரண்டாம் உலகப்போரில், 1940-ல், ஜெர்மன் குண்டுகள் அந்த வீடுகளை அழித்தன. 1981-ல் காலமானார்.

அந்த வாட்ச் இப்போது ஏலக்காரர்கள் சொத்துப்போல் காக்கும் பொருள். பின்மூடியில் அவர் பெயரும், 1927 அக்டோபர் 21 என்ற தேதியும், நேர்மையை நிரூபிக்க நீந்திய நீச்சல் என்ற பொருளில் ஒரு வரியும் பொறித்திருக்கிறது. ஜெயித்த அக்டோபர் 7 அதில் இல்லை.