தரவரிசை திறனாகுமா? இந்தியச் சரக்குப் போக்குவரத்து வளர்ச்சியை மாதிரிப்படுத்தும் முறை குறித்து

ஒரு நாட்டின் சரக்குப் போக்குவரத்துத் திறன் வளரும் விதத்தைக் கணிக்கும் ஆய்வுகளில் ஒரு சாரார், உலக வங்கியின் லாஜிஸ்டிக்ஸ் செயல்திறன் குறியீட்டைக் காலத்தொடர் தரவாகக் கொண்டு, அதன்மீது எஸ் வடிவ வளைகோட்டைப் பொருத்துகின்றனர். இந்தியாவுக்கு இம்முறை செல்லாது என்பது என் வாதம்.

குறியீட்டின் எண்களே இதற்குச் சான்று. 2010-இல் இந்தியாவின் மதிப்பெண் 3.12; இடம் 47. 2012-இல் மதிப்பெண் 3.08 ஆகக் குறைந்தும் இடம் 46-க்கு உயர்ந்தது. 2014-இல் மதிப்பெண் அதே 3.08, இடமோ 54-க்குச் சரிந்தது. ஆகவே, தரவரிசையில் பிற நாடுகளின் ஏற்ற இறக்கமும் கலந்திருக்கிறது. மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. 2016-இல் 3.42 ஆக இருந்தது 2018-இல் 3.18 ஆனது. இவ்விடைவெளியில்தான் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. மாநில எல்லைகளின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. உள்நாட்டு லாரிப் போக்குவரத்தில் தடை குறைந்த காலத்தில் நாட்டின் திறன் சரிந்தது என்று கொள்வது கடினம்.

இம்முரண்பாட்டின் வேர் கருத்துக்கணிப்பின் அமைப்பில் இருக்கலாம். பன்னாட்டுச் சரக்கு முகவர்களும் விரைவஞ்சல் நிறுவனத்தாரும் தாம் வணிகம் செய்யும் அயல்நாடுகளை ஐந்து புள்ளி அளவில் மதிப்பிடுகின்றனர். அவர்களுக்குத் தெரிவது பெரும்பாலும் நாட்டின் வாசல்: துறைமுகம், விமான நிலையம், சுங்கம். உள்நாட்டுச் சாலையும் கிடங்கும் அவர்கள் பார்வைக்கு அரிதாகவே எட்டும். 2012 முதல் 2018 வரையிலான நான்கு சுற்றுகளை எடையிட்டு இணைத்த ஒரு மதிப்பெண்ணை உலக வங்கியே வெளியிட்டது. தனியொரு சுற்றின்மீது அதிகப் பாரம் ஏற்றலாகாது என்பதற்கு அதுவே போதிய குறிப்பு.

முகவர்களின் எண்ணமும் வணிக முடிவுகளைப் பாதிக்கும் என்பர். பாதிக்கட்டும்; அது நற்பெயரின் அளவு, திறனின் அளவன்று. வருமானம் மிகுந்த நாடுகளின் மதிப்பெண் உயர்ந்திருப்பதைக் காட்டுவதும் உதவாது. ஒரே ஆண்டில் பல நாடுகள் நிற்கும் நிலை, ஒரு நாடு பல ஆண்டுகளில் நடக்கும் பாதையாகாது.

திறன் என்பது சேர்ந்து வரும் இருப்பு. முதலீடு அதைக் கூட்டும், தேய்மானம் குறைக்கும். முதலீட்டுக்கும் அது திறனாக மாறுவதற்கும் நடுவே நீண்ட காலத்தாழ்வு உண்டு. சரக்கு ரயில்களுக்கான தனிப்பாதைக் கழகம் 2006-இல் நிறுவப்பட்டது. லூதியானா–சோன்நகர் இடையிலான 1,337 கி.மீ. கிழக்குத் தடம் 2023-இல்தான் முழுமை பெற்றது. இந்தப் பதினேழு ஆண்டுக் கட்டுமானத்தின் சுவடு எதுவும் அக்குறியீட்டின் ஏற்ற இறக்கத்தில் தெரியவில்லை. இருப்பு, முதலீட்டு வரவு, காலத்தாழ்வு மூன்றையும் தனித்தனி மாறிகளாகக் கொண்ட மாதிரியே இந்தியாவுக்குப் பொருந்தும். குறியீட்டை அம்மாதிரியின் விளைவைச் சரிபார்க்கும் பல சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். அடித்தளத் தரவாகக் கொள்வதை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும்.