வீட்டு ஈட்டுக்கடனும் சுவீகரிப்பு உரிமையும்: றிச்மண்ட் நகரின் அனுபவம்

பொதுத் தேவையின் பொருட்டுக் குடிமகனின் உடைமையை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்னும் கோட்பாடு பழைமையானது. ஒல்லாந்த நாட்டுச் சட்ட அறிஞரான ஹியூகோ குரோசியஸ் 1625ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை அரசின் மேலுரிமை என விளக்கினார். ஐக்கிய அமெரிக்காவில் 1791இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் இவ்வுரிமைக்கு இரு வரம்புகளை இட்டது. எடுக்கப்படுவது பொதுப் பயன்பாட்டுக்காக இருத்தல் வேண்டும். உடைமையாளருக்கு நியாயமான நட்டஈடு வழங்கப்படல் வேண்டும். வீதிக்கும் பாடசாலைக்கும் காணி எடுக்கப்பட்டபோது இவ்வரம்புகளின் பொருள் பெரிதும் தெளிவாக இருந்தது. ஆனால், காணியை விடுத்து, அதன்மேல் உள்ள கடனையே சுவீகரிப்பதற்கு 2013இல் கலிபோர்னியா மாநிலத்தின் றிச்மண்ட் மாநகர சபை முனைந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவ்வெதிர்ப்பின் நியாயம் வேறு, அது வெற்றிபெற்ற வழி வேறு என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான் பிரான்சிஸ்கோ குடாவின் கரையில் அமைந்த றிச்மண்ட், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கப்பல் கட்டும் தளங்களாற் பெருகிய தொழிலாளர் நகராகும். கறுப்பின மக்களும் இலத்தீன் அமெரிக்க வழிவந்தோரும் அங்கு பெருந்தொகையினராக வாழ்கின்றனர். 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியை ஒட்டி வீட்டு விலைகள் சரிந்தபோது, வீட்டின் பெறுமதியைவிட அதன்மேற் பெற்ற கடன் பெரிதாக இருக்கும் நிலை ஆயிரக்கணக்கானோருக்கு ஏற்பட்டது. முதலில் ஒரு பகுதியைக் குறைத்து எஞ்சியதை அறவிடுவது கடன் கொடுத்தவருக்கும் நன்மையாக இருந்திருக்கலாம். எனினும், அக்கடன்கள் ஒன்றாகக் கட்டப்பட்டுப் பிணையங்களாக உலகெங்கும் விற்கப்பட்டிருந்தன. அவற்றைப் பராமரித்த நம்பிக்கைப் பொறுப்பாளர்களின் கைகளை ஒப்பந்தங்கள் கட்டியிருந்தன. சிதறிக் கிடந்த முதலீட்டாளரின் இணக்கத்தைப் பெறுதலும் அரிதாயிற்று.

இம்முடிச்சை அவிழ்க்கச் சுவீகரிப்பு உரிமையைப் பயன்படுத்தலாம் என்று கோர்னெல் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் றொபேட் ஹொக்கற் வாதிட்டார். மோட்கேஜ் றெசொலூசன் பாட்னேர்ஸ் என்னும் தனியார் நிறுவனம் இதனைத் திட்டமாக்கி உள்ளூராட்சி மன்றங்களை அணுகியது. 2012இல் இதனை ஆராய முற்பட்ட சான் பேர்னாடினோ பிரதேசம் 2013 சனவரியிற் கைவிட்டது. அதே ஆண்டு யூலையில், மேயர் கேல் மக்லோக்லின் தலைமையிலான றிச்மண்ட் நகரம் 624 கடன்களை விலைக்குக் கேட்டுக் கடிதங்கள் அனுப்பியது. விற்க மறுப்பின் சுவீகரிப்பு நிகழலாம் என்றும் அறிவித்தது.

எதிர்த்தோரின் முதல் வாதம் விலையைப் பற்றியது. ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். மூன்று இலட்சம் டொலர் கடனுள்ள வீட்டின் பெறுமதி இரண்டு இலட்சமாகக் குறைந்துவிட்டது எனக் கொள்வோம். நகரம் அக்கடனை ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு எடுத்து, வீட்டுக்காரருக்கு ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்குப் புதிய கடன் பெற்றுக்கொடுப்பின், இடையிலுள்ள முப்பதாயிரமே திட்டத்தின் செலவுக்கும் இலாபத்துக்கும் ஊற்றாகும். தவணை தவறாது செலுத்தப்படும் கடனை வீட்டின் பெறுமதிக்கும் குறைவாக மதிப்பது நியாயமான நட்டஈடாகுமா? றிச்மண்ட் தெரிந்தெடுத்த கடன்களுட் பெரும்பாலானவை ஒழுங்காகச் செலுத்தப்பட்டு வந்தவை என வழக்காளிகள் சுட்டிக்காட்டினர். நட்டமடைவோர் வங்கிகள் மட்டுமல்லர், ஓய்வூதிய நிதியங்களும் ஆவர் என்பதையும் அவர்கள் வலியுறுத்தினர்.

இரண்டாவது வாதம் பொதுப் பயன்பாட்டைப் பற்றியது. 2005ஆம் ஆண்டின் கெலோ வழக்கில், பொருளாதார அபிவிருத்திக்காக வீடுகளை எடுத்தலும் பொதுப் பயன்பாடே என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. நியூ லண்டன் நகரில் எடுக்கப்பட்ட அக்காணி பின்னர் பல்லாண்டு வெறுமையாகக் கிடந்தமை மக்களிடையே ஆழ்ந்த ஐயத்தை விதைத்திருந்தது. தனியார் நிறுவனமொன்று தெரிந்தெடுக்கும் கடன்களை, அதன் இலாபத்துக்கும் இடமளித்து நகரம் எடுப்பது அவ்வையத்தை மேலும் வளர்த்தது.

இவ்வாதங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. எனினும், கடனைச் சுவீகரித்தல் சட்டத்துக்கே அந்நியமானது என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒப்பந்த உரிமையும் நட்டஈட்டுடன் எடுக்கத்தக்கதே என்று 1848இல் மேற்கு ஆற்றுப் பால வழக்கில் உயர் நீதிமன்றம் கூறியது. 1935இல் விவசாயிகளின் ஈட்டுக்கடன் நிவாரணச் சட்டத்தைச் செல்லாதெனத் தீர்த்த நீதியரசர் பிராண்டைஸ், பொதுநலன் வேண்டுமாயின் நட்டஈடு கொடுத்துச் சுவீகரிப்பதே வழியென்று குறிப்பிட்டமையும் கருதத்தக்கது.

ஆயினும், றிச்மண்டின் விடயத்தில் இவ்வினாவுக்கு நீதிமன்றம் விடையளிக்கவில்லை. வெல்ஸ் பார்கோ, டொயிட்சே வங்கி முதலியன நம்பிக்கைப் பொறுப்பாளர்களாகத் தொடுத்த வழக்குகளை, சுவீகரிப்பு இன்னும் நிகழாமையால் காலத்துக்கு முந்தியவை என 2013 செப்டெம்பரில் சமஷ்டி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உண்மையான போர் வேறு களத்தில் நடைபெற்றது. 2013 ஓகஸ்டில் நகரம் விற்பனைக்கு விட்ட ஏறத்தாழ 3 கோடி 40 இலட்சம் டொலர் முறிகளை வாங்க எவரும் முன்வரவில்லை. இத்தகைய சுவீகரிப்பு நிகழும் இடங்களில் வீட்டுக்கடன் அலுவல்களை நிறுத்த நேரிடலாம் எனச் சமஷ்டி வீடமைப்பு நிதி முகவரகம் எச்சரித்தது. எழுவர் கொண்ட சபையில் நால்வர் திட்டத்தைத் தொடர வாக்களித்தனர். ஆனால், சுவீகரிப்புக்கு ஐவரின் வாக்கு வேண்டியிருந்தது. அது கிட்டவில்லை. 2014 டிசெம்பரில் காங்கிரஸ் நிறைவேற்றிய செலவினச் சட்டம், இவ்வாறு எடுக்கப்படும் கடன்களுக்குப் பதிலாக வழங்கப்படும் புதிய கடன்களுக்குச் சமஷ்டி வீடமைப்பு நிறுவனங்கள் காப்புறுதி அளிப்பதைத் தடுத்து, திட்டத்தின் அடித்தளத்தையே தகர்த்தது.

இவ்விடத்து 1933ஆம் ஆண்டை நினைவுகூர்தல் பொருத்தமானது. பெருமந்தக் காலத்தில் சமஷ்டி அரசு அமைத்த வீட்டுரிமையாளர் கடன் கூட்டுத்தாபனம், கடன் கொடுத்தோரின் இணக்கத்துடன் அரச முறிகளை மாற்றாக அளித்து, ஏறத்தாழ பத்து இலட்சம் வீட்டுக்கடன்களைப் பொறுப்பேற்றது. அதன் பகுதி மதிப்பீடுகள் கறுப்பின மக்களுக்குப் பாதகமாக அமைந்தன என்ற குறையை மறுத்தல் இயலாது. எனினும், அங்கு நிவாரணத்தின் சுமையைத் தாங்கியது தேசத்தின் கடன் வலிமை. றிச்மண்டிலோ, அச்சுமையைச் சுமக்க முன்வந்தது வறிய நகரமொன்றின் சபை; அதற்குத் தோள் கொடுத்தது இலாபம் நாடிய நிறுவனம்.

ஆகவே, விலையைக் குறித்தும் தனியார் இலாபத்தைக் குறித்தும் எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆனால், அந்நியாயம் எந்த மன்றிலும் நிறுத்துப் பார்க்கப்படவில்லை. கடன் கிடைக்காது என்ற அச்சுறுத்தலே ஒரு நகரைப் பணியவைத்தது. உடைமை உரிமையைக் காப்பதாகக் கூறியோர், அதே நகரின் எளிய குடும்பங்கள் தம் வீடுகளை எவ்வாறு காத்துக்கொள்வது என்ற வினாவுக்கு விடை கூறாமலே வென்றனர். மற்றொரு நெருக்கடி வரும்போது அவ்வினா மீண்டும் எழும் என்பதில் ஐயமில்லை.