எண்ணெய் அழுத்தமும் பழுதறிதலும்: பவர் ஸ்டீயரிங்கின் முதல் அறுபது ஆண்டுகள்

1920களில் அமெரிக்க லாரிகளின் எடை கூடியதோடு, குறைந்த காற்றழுத்தத்தில் இயங்கும் அகன்ற டயர்களும் பரவியதால், நின்ற இடத்தில் முன்சக்கரங்களைத் திருப்புவது ஓட்டுநரின் தோள்வலிமையைச் சோதிக்கும் வேலையாயிற்று. பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்து விலகிய பிரான்சிஸ் டேவிஸ், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் பட்டறை அமைத்து, 1926-இல் ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டீயரிங்கைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். அக்காலத்து ஹைட்ராலிக் இயந்திரங்களில் வால்வு மூடியிருக்க, எண்ணெய் எப்போதும் உயர் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதே வழக்கம். அதனால் இணைப்புகள் கசிந்துகொண்டே இருந்தன. டேவிஸ் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார். அவருடைய அமைப்பில் வால்வு திறந்தே இருக்கும், பம்பு தள்ளும் எண்ணெய் தடையின்றிச் சுற்றி வரும், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டுமே வால்வு ஒருபுறம் குறுகிச் சக்கரங்களின் எதிர்ப்புக்கு ஏற்ப அழுத்தம் எழும். பிற்காலத்தில் பழைய கார்களின் பவர் ஸ்டீயரிங்கில் மெக்கானிக்குகள் தேடிக் கண்ட பழுதுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை.

கண்டுபிடிப்பு சந்தைக்கு வரக் கால் நூற்றாண்டு பிடித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் டேவிஸோடு ஒப்பந்தம் செய்தும், 1930களின் பெருமந்தத்தில் செலவுக்கு அஞ்சிக் கைவிட்டது. 1936-இல் பெண்டிக்ஸ் நிறுவனம் அவரோடு கைகோத்தது. இரண்டாம் உலகப் போரின் கனரக வாகனங்களில்தான் இது முதன்முதலாகப் பெருமளவில் பயன்பட்டது. 1951-இல் இம்பீரியல் காரில் அதை முந்திக்கொண்டு விற்றதோ கிரைஸ்லர் நிறுவனம், அதுவும் காலாவதியான டேவிஸ் காப்புரிமைகள் சிலவற்றின் துணையோடு.

அக்காலக் கிரைஸ்லர் கார்களின் ஸ்டீயரிங் ஒரே விரலால் திருப்பும் அளவுக்கு இலேசாக இருந்தது. ஆனால் சாலையின் எதிர்ப்பு கைக்குத் தெரியாததால், வேகமாகச் செல்லும்போது அது ஒரு குறையாகவே உணரப்பட்டது. இதனால் பழுதறிபவருக்கும் ஒரு சிக்கல் எழுந்தது. முன்பெல்லாம் தேய்ந்த இணைப்புகளும் தளர்ந்த பற்சக்கரமும் கையிலேயே அதிர்வாகத் தெரிந்தன; இப்போது எண்ணெய் அவற்றை மறைத்துவிட்டது. எனவே எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருமுறையும் ஓடவிட்டு ஒருமுறையும் திருப்பிப் பார்த்து, தளர்ச்சி இயந்திர இணைப்பிலா, எண்ணெய்ப் பாதையிலா என்று பிரித்தறியும் முறை தேவைப்பட்டது. எஞ்சின் நின்றாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையிலான நேரடித் தொடர்பு அறாதபடி டேவிஸ் அமைத்திருந்ததால்தான் இச்சோதனை சாத்தியமாயிற்று.

திறந்த வால்வு சரியாக நடுவில் நில்லாவிட்டால், யாரும் தொடாமலே அழுத்தம் ஒருபுறம் எழும். கார் ஒரு பக்கமாக இழுக்கும்போது டயரையும் சக்கரக் கோணத்தையும் குறைசொல்வதற்கு முன், முன்பகுதியை ஜாக்கியில் தூக்கி எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார்கள்; சக்கரம் தானாகத் திரும்பினால் குற்றம் வால்வினுடையது. கிரைஸ்லரின் ஸ்டீயரிங் பெட்டியில் வால்வு மேற்புறத்தில் போல்ட்டுகளால் பிடித்திருந்ததால், அவற்றைச் சற்றுத் தளர்த்தி, வால்வை மெல்லத் தட்டியே நடுவுக்குக் கொண்டுவர முடிந்தது. நுண்மையான கருவிக்கு முரட்டு வைத்தியம்தான், ஆயினும் பலித்தது.

ஓசையும் ஒரு சான்றாயிற்று. திருப்பும்போது எழும் கீச்சொலி பெரும்பாலும் தளர்ந்த பெல்ட்டைக் காட்டும். முனகலோடு தொட்டியில் நுரையும் தெரிந்தால் எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கும். சக்கரம் முழுதும் திரும்பிய நிலையில் கேட்கும் சீறலோ பழுதன்று. அழுத்தம் வரம்பு மீறாமல் காக்கும் வால்வு திறக்கும் ஒலி அது.

ஐயத்தைத் தீர்க்கவல்லது அழுத்தமானி. பம்புக்கும் ஸ்டீயரிங் பெட்டிக்கும் இடையே அதை ஓர் அடைப்பு வால்வோடு இணைத்து, வால்வைச் சில விநாடிகள் மட்டும் மூடினால், பல கார்களில் முள் சதுர அங்குலத்துக்குச் சுமார் 1000 பவுண்டுவரை ஏற வேண்டும். அதிக நேரம் மூடினால் பம்பே சூடேறிக் கெட்டுவிடும். முள் ஏறாவிட்டால் குற்றம் பம்பில். மூடும்போது ஏறி, திறந்துவிட்டுச் சக்கரத்தை முழுதும் திருப்பும்போது ஏறாவிட்டால் கசிவு பெட்டிக்குள்.

1980களில் ஜெனரல் மோட்டார்ஸின் முன்சக்கர இயக்கக் கார்களில் வந்த ஒரு பழுது, இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. குளிர்ந்த காலையில் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், சிறிது தூரம் ஓடி எண்ணெய் சூடேறியதும் இலேசாகிவிடும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதற்கு மசக்கை என்றே கேலிப்பெயர் இட்டனர். வால்வைச் சுற்றியிருந்த டெஃப்லான் வளையங்கள் மென்மையான அலுமினியக் கூட்டில் பள்ளம் தோண்ட, அவ்வழியே அழுத்தம் கசிந்தது. பட்டறைக்குக் கார் வந்து சேர்வதற்குள் அறிகுறி மறைந்துவிடும் என்பதால், இரவு முழுதும் அதை அங்கேயே நிறுத்திவைத்து விடியலில் சோதிக்க வேண்டியிருந்தது. தேய்ந்தது கூடாகையால் வளையங்களை மட்டும் மாற்றிப் பயனில்லை. கூட்டைக் குடைந்து எஃகு உறை செருகியே அதை மீட்டனர்.