அயர்லாந்தில் பிறந்த தமிழ்த் தொண்டர்



அயர்லாந்து என்ற தீவிலிருந்து சமயப் பணிக்காகப் பிறந்த மண்ணை விட்டுப் போனவர்கள் பலர். கொலும்பானுஸ் என்ற துறவி ஐரோப்பாவில் அலைந்து, மடங்கள் கட்டி, 615-இல் இத்தாலியில் மறைந்தார். 12 நூற்றாண்டுகள் கழித்து, அதே தீவில் 1814-இல் பிறந்த ஒருவர் நம்மவர்களிடம் வந்தார். அவர்தான் ராபர்ட் கால்டுவெல். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள்.

1838-இல் சென்னையில் வந்து இறங்கினார். 1841-இல் திருநெல்வேலிப் பக்கம் புறப்பட்டபோது, வண்டி கட்டிக்கொண்டு போகவில்லை. ஜனங்களை அறிய வேண்டுமென்று நீலகிரி வழியாகச் சுற்றி நடந்தே போனார். போய்ச் சேர்ந்த இடம் இடையன்குடி. செம்மண் தேரியும் பனங்காடுமான ஊர். அங்கே ஏறத்தாழ 50 ஆண்டு இருந்தார். அவர் துணைவியார் எலிசா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார்.

வெயிலில் உழைத்த பனையேறிகளின் பேச்சைக் கேட்டுத் தமிழ் பழகியவர், 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அதில் என்னதான் இருக்கிறது? பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நின்று கேட்டாலே கொஞ்சம் விளங்கும். நாம் 'மூணு' என்கிறோம். மலையாளிக்கு 'மூந்நு', தெலுங்கருக்கு 'மூடு', கன்னடருக்கு 'மூரு'. வடமொழி 'த்ரி'யோ ஆங்கிலத்து 'த்ரீ'க்கு உறவு! இப்படி எண், இடப்பெயர், வினை என்று அடுக்கி, நம் மொழிகள் தனிக் குடும்பம், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று நிலைநாட்டினார். 1816-இலேயே எல்லிஸ் துரை இதைத் தொட்டுக் காட்டியிருந்தார். ஆனாலும் உலகமே ஒப்பும்படி விரித்து எழுதியவர் கால்டுவெல்தான்.

அவரைக் குறையே இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். 1849-இல் அவர் எழுதிய ஒரு நூல், அவரோடு வாழ்ந்த சாணார் சமூகத்தைத் தாழ்த்திப் பேசியது. அந்த மக்கள் கொதித்தெழுந்தார்கள், அது நியாயம்தான்.

1877-இல் பேராயரானார். 1891-இல் கொடைக்கானலில் காலமாகி, இடையன்குடியில் தாம் 33 ஆண்டு பாடுபட்டுக் கட்டிய கோயிலிலேயே அடக்கமானார்.

நம் கோலாலம்பூரிலும் ஒரு பாதிரியார் இதே பாதையில் நடந்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த தனிநாயகம் அடிகள் 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டை இங்கேதான் கூட்டினார். அடுத்த மாநாடு 1968-இல் சென்னையில் நடந்தது. அப்போதுதான் மெரினாக் கடற்கரையில் கால்டுவெலுக்குச் சிலை வைத்தார்கள்.